புவனம் மாறின் அறிவு மாறுமோ?

உயிர்களுக்கு இறைவன் அளித்த கொடைகளைச் சைவ சித்தாந்தம் தனு, கரணம், புவனம், போகம் என நான்காக வகுத்துக் கூறும். தனு என்பது உடம்பு. கரணம் என்பது மனம், புத்தி, சித்தம், அகங்காரம் ஆகிய உட்கருவிகள். புவனம் என்பது உயிர் வாழும் உலகம். போகம் என்பது அவ்வுலகில் உயிர் நுகரும் இன்ப துன்பங்கள். இந்நான்கும் ஒன்றுக்கொன்று பொருந்தியே அமைகின்றன. நீரில் வாழும் மீனுக்குச் செவுளும், வானில் திரியும் பறவைக்குச் சிறகும் வாய்த்திருப்பது அப்பொருத்தத்தினாலேயே ஆகும். புவனங்கள் 224 என்று சைவ ஆகமங்கள் எண்ணிச் சொல்கின்றன.

உடம்பும் கருவிகளும் உலகத்துக்கு ஏற்பவே அமையுமாயின், உலகத்தின் அமைப்பே வேறாக உள்ள ஓரிடத்தில் மூளை எவ்வாறிருக்கும்? அங்கு வாழும் உயிரின் அறிவு மனித அறிவிலும் கூடியதா, குறைந்ததா? இக்கேள்வியை ஆகம நூல்கள் ஒரு வழியிலும், கணிதமும் பௌதிகவியலும் வேறொரு வழியிலும் அணுகுகின்றன. ஆகமம் கூறும் புவனங்களும் விஞ்ஞானம் கூறும் பரிமாணங்களும் ஒன்றெனக் கொள்ளுதல் பொருந்தாது. ஆயினும் இரண்டையும் அருகருகே வைத்துச் சிந்திக்கும்போது, ஓர் உயிரின் அறிவை எதைக் கொண்டு உயர்ந்ததென்றும் தாழ்ந்ததென்றும் அளப்பது என்னும் அறக்கேள்விக்கு ஒரு தெளிவு பிறக்கின்றது.

பரிமாணம் என்றால் என்ன?

புகையிரதத்துக்கு அதன் பாதையில் முன்னும் பின்னும் மட்டுமே வழியுண்டு. அது ஒரு பரிமாணம். கோயில் முன்றிலில் இடப்படும் கோலத்துக்கு நீளமும் அகலமும் உண்டு. அது இரு பரிமாணம். கோபுரத்துக்கு நீளம், அகலம், உயரம் என மூன்றும் உண்டு. அது முப்பரிமாணம். மனிதர் வாழும் வெளி இம்மூன்றாம் வகையைச் சேர்ந்தது. ஹல்துமுல்லையில் வாழ்வோருக்கு இந்த மூன்றாம் பரிமாணத்தை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. வரைபடத்தில் விரலளவு தூரத்தில் தெரியும் தோட்டத்துக்கு ஏறிச் செல்லும்போது கால்களே அதனைக் கற்பித்துவிடும்.

பரிமாணம் வேறு, புலன் வேறு என்பதையும் இங்கு மனங்கொள்ள வேண்டும். உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்கிய தொல்காப்பியர் புலன்களைக் கொண்டே அவ்வாறு வகுத்தார். புல்லுக்கும் மரத்துக்கும் தொடுபுலன் ஒன்றே. நத்தைக்கும் முரளுக்கும் நாவறிவு சேர இரண்டு. கறையானுக்கும் எறும்புக்கும் மூக்கறிவு சேர மூன்று. இவ்வாறே ஏறிச் சென்று மக்களுக்கு மனத்தோடு ஆறு என்றார். ஆனால் இவ்வுயிர்கள் யாவும் ஒரே முப்பரிமாண வெளியிலேயே வாழ்கின்றன. அந்த வெளியே மாறினால் என்னவாகும் என்பதே இங்கு எழும் வினா.

தட்டை உலகத்து உயிர்

1884ஆம் ஆண்டு எட்வின் அபொட் என்னும் ஆங்கிலேயப் பாடசாலை அதிபர், தட்டை உலகம் என்று பொருள்படும் 'பிளாட்லாண்ட்' எனும் நூலை வெளியிட்டார். அவ்வுலகத்தவர் தாளில் வரைந்த உருவங்களைப் போன்றவர்கள். மேல், கீழ் என்ற சொற்களுக்கு அவர்களிடம் பொருளில்லை. ஓர் எலுமிச்சம்பழம் அவர்களுடைய உலகத்தை ஊடுருவிச் சென்றால் அவர்கள் காண்பது என்ன? முதலில் ஒரு புள்ளி தோன்றும். அது வட்டமாக விரியும். பின்பு சுருங்கும். மறுபடியும் புள்ளியாகி மறைந்துபோகும். முழுப் பழத்தை அவர்கள் ஒருபோதும் காணார்.

அத்தகைய உலகில் மூளை அமையுமா? அன்பர்கள் வீட்டில் ஒரு தாளை எடுத்துச் செய்து பார்க்கலாம். தாளின் ஒரு பக்கத்தில் மூன்று லயன்களைப் புள்ளிகளாக இடுக. மறுபக்கத்தில் கோயில், பாடசாலை, கொழுந்து மடுவம் என மூன்று புள்ளிகளை இடுக. ஒவ்வொரு லயனிலிருந்தும் மூன்று இடங்களுக்கும் தனித்தனிப் பாதை வேண்டும். எந்தப் பாதையும் மற்றொன்றைக் குறுக்கே வெட்டக் கூடாது. வேண்டிய ஒன்பது பாதைகளில் எட்டினை வரைந்துவிடலாம். ஒன்பதாவது வராது. எத்தனை கெட்டிக்காரர் முயன்றாலும் வராது என்பது கணிதத்தில் நிறுவப்பட்ட உண்மை. ஒரேயொரு பாலம் கட்ட இடங்கொடுத்தால் அந்த ஒன்பதாவது பாதையும் வந்துவிடும். ஆனால் பாலத்துக்கு உயரம் வேண்டும். தட்டை உலகில் உயரம் இல்லை.

ஆறு புள்ளிகளுக்கே இந்த இடர்ப்பாடு என்றால், கோடிக்கணக்கான நரம்புக்கலங்களை ஒன்றோடொன்று இணைப்பது எங்ஙனம்? இதனையே 1955இல் ஜெரால்ட் விட்ரோ என்னும் ஆங்கிலேயக் கணித அறிஞர் எடுத்துக்காட்டி, இரு பரிமாண உலகில் சிக்கலான மூளை தோன்றுவது அரிது என்றார். அங்கு வேறு தொல்லைகளும் உண்டு. வாயில் தொடங்கி மறுமுனை வரை செல்லும் உணவுக்குழாய் தட்டையான உடம்பை இரு துண்டாகப் பிரித்துவிடும். ஓசையும் தெளிவாயிராது. முப்பரிமாண வெளியில் ஒருமுறை அடித்த மணியின் ஒலியலை செவியைக் கடந்ததும் நின்றுவிடுகிறது. இரு பரிமாண வெளியிலோ அலை கடந்த பின்னும் அதன் வால் ஓயாமல் தொடரும். குளத்தில் ஒரு கல் விழுந்த பின் வளையத்துக்குப் பின் வளையமாக வருவதைப் போல, ஒரு சொல்லின் மீது மற்றொரு சொல் ஏறிக் குழம்பும்.

ஆயினும் அறிவு அங்கு அறவே இயலாது என்று முடிவு கட்டுவதற்கில்லை. இரு பாதைகள் சந்திக்கும் இடத்தில், புகையிரதக் கடவையில் செய்வது போல, ஒன்றை நிறுத்தி மற்றொன்றை அனுப்பலாம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஸ்கார்கில் என்னும் பௌதிகவியல் ஆய்வாளர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றையொன்று வெட்டாத தட்டையான வலைப்பின்னல்களிலும் மூளைக்கு வேண்டிய சில முக்கிய இயல்புகள் அமையக் கூடும் என்று காட்டினார். அவ்வாறு ஓர் அறிவு அங்கு தோன்றுமாயின் அது காத்திருந்து சிந்திக்கும் அறிவாகவே இருக்கும். ஒரு நினைவு கடந்து செல்லும் வரை மற்றொரு நினைவு வழிவிட்டு நிற்கும். அதனை மந்தபுத்தி என்பதிலும் பொறுமையான புத்தி என்பதே தகும்.

தெமோதரை காட்டும் பாடம்

மூன்றாம் பரிமாணம் மூளைக்குச் செய்த உதவி யாது என்பதைப் பதுளை மாவட்டத்து மக்கள் கண்ணாலேயே காணலாம். 1924இல் பதுளையை வந்தடைந்த மலைநாட்டுப் புகையிரதப் பாதை, தெமோதரை நிலையத்தைக் கடந்ததும் குன்றைச் சுற்றி வளைந்து இறங்கி, அதே நிலையத்தின் அடியில் உள்ள சுரங்கத்தினுள் புகுந்து செல்கின்றது. தாளில் வரைந்தால் பாதை தன்னைத் தானே வெட்டுவதாகத் தெரியும். உண்மையில் ஒன்று மேலே, ஒன்று கீழே. இரண்டும் தொடுவதில்லை.

இதனை அமைக்கும் வழி தெரியாது பொறியியலாளர் விமலசுரேந்திர மலைத்து நின்றபோது, தோட்டத்துக் கங்காணி ஒருவர் தமது தலைப்பாகையை அவிழ்த்து மீண்டும் சுற்றிக் கட்டியதைக் கண்டு வழி பிறந்தது என்பது இப்பகுதியில் வழங்கும் செவிவழிக் கதை. துணி தன்மீது தானே சுற்றி ஏறுவது போலப் பாதையும் ஏறலாம் என்பதே அக்கதையின் உட்கருத்து.

மூளையும் தெமோதரைப் பாதையைப் போன்றதே. மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக்கலங்கள் உள்ளன. அவற்றுள் பல, ஆயிரக்கணக்கான கலங்களோடு தொடர்பு கொண்டவை. சிந்தனைக்கு முதன்மையான இடமாகிய மூளையின் மேற்பட்டை 2 முதல் 4 மில்லிமீற்றர் வரை தடிப்புள்ள ஒரு விரிப்பேயாகும். பரந்த அவ்விரிப்பு மண்டையோட்டினுள் அடங்குவதற்காகக் கொசுவம் வைத்த சேலை போல மடிந்திருக்கின்றது. மடிப்புகளின் கீழே வெண்ணிற நரம்பிழைகள் ஒன்றின் மேலாகவும் ஒன்றின் கீழாகவும் ஓடித் தொலைவிலுள்ள பகுதிகளை இணைக்கின்றன. ஒரு மில்லிமீற்றர் நீளமுள்ள ஒரு சிறு புழுவுக்கு 302 நரம்புக்கலங்களே உள்ளன. அவற்றின் இணைப்புகள் 1986இல் வரைபடமாக்கப்பட்டன. பழ ஈயின் மூளையிலுள்ள 139,255 கலங்களின் இணைப்புகள் 2024இல் முழுமையாக வெளிவந்தன. ஆய்வாளர் கலங்களை எண்ணியதோடு நில்லாமல் இணைப்புகளைத் தேடியதற்குக் காரணமுண்டு. அறிவு என்பது இணைப்பில் தங்கியுள்ளது.

நான்காம் பரிமாணம்

இனி நீளம், அகலம், உயரம் ஆகியவற்றோடு மற்றொரு திசையும் உள்ள உலகை எண்ணிப் பார்ப்போம். மனத்தால் அதனைப் படமாக்க இயலாது. கணக்கால் இயலும். 8,600 கோடி கலங்களை ஒரே வரிசையில் நிறுத்தினால் வரிசையின் நீளமும் 8,600 கோடி. சதுரமாக அடுக்கினால் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 293,000. பெட்டி போல அடுக்கினால் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 4,400. நாற்பரிமாணப் பெட்டியில் அடுக்கினாலோ ஒரு பக்கத்துக்கு 540 அளவிலேயே போதும். அயலவர் தொகையும் கூடும். வரிசையில் நிற்பவருக்கு அருகில் இருவர், சதுரத்தில் நால்வர், பெட்டியில் அறுவர், நாற்பரிமாணத்தில் எண்மர். செய்தி செல்லும் தூரம் குறைந்து, தொடர்பு கொள்ளும் வழி பெருகுவதால் அத்தகைய மூளை விரைவாகச் சிந்திக்கக் கூடும்.

அதன் பார்வையும் வேறாக இருக்கும். தாளில் வரைந்த வட்டத்தின் உட்புறம் மனிதருக்கு மறைவின்றித் தெரிவது போல, பூட்டிய பெட்டியின் உட்புறம் அவ்வுயிருக்குத் தெரியும். கோயில் உண்டியலைத் திறவாமலே அதிலுள்ள காசை எடுத்துவிடும். அதனைத் தடுக்கப் பூட்டால் ஆகாது. தடுக்கக் கூடியது அதன் மனச்சாட்சி ஒன்றேயாகும்.

கூடுவதெல்லாம் நன்மை என்றும் சொல்வதற்கில்லை. நாற்பரிமாண வெளியில் கயிற்றில் இட்ட முடிச்சு நில்லாது. இழுத்த மாத்திரத்தில் நழுவி அவிழ்ந்துவிடும். பூமாலை தொடுக்க முடியாது. காப்புக் கட்ட முடியாது. மாங்கல்யத்தின் மூன்று முடிச்சும் அங்கு தங்காது. இதனினும் பெரிய குறையை 1917இல் போல் ஏரன்ஃபெஸ்ட் என்னும் பௌதிகவியலறிஞர் எடுத்துக்காட்டினார். மூன்றுக்கு மேற்பட்ட பரிமாணங்களில் கோள்கள் சூரியனை நிலையாகச் சுற்றி வர இயலாது. சிறிது தளம்பினாலும் ஒன்றில் சூரியனில் விழும், அன்றேல் விலகி ஓடிவிடும். உயர்ந்த மூளைக்கு வாய்ப்புள்ள அவ்வுலகில், அம்மூளை தங்கி வளர ஒரு நிலையான பூமி கிடைப்பது அரிது. தனுவும் கரணமும் புவனமும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்ற சித்தாந்தக் கருத்தின் அருமை இங்கு விளங்கும்.

மனித மூளை பதினொரு பரிமாணங்களில் இயங்குகிறது என்றொரு செய்தி சில ஆண்டுகளாகப் பலராலும் பகிரப்பட்டு வருகின்றது. அதனைச் சரியாக விளங்கிக்கொள்ளல் நன்று. 2017இல் சுவிற்சர்லாந்திலுள்ள ஆய்வாளர், எலியின் மூளைப் பகுதியைக் கணினியில் அமைத்து ஆராய்ந்தபோது, ஒவ்வொன்றும் மற்றெல்லாவற்றோடும் இணைந்த கலக் குழுக்களைக் கண்டனர். பன்னிரண்டு கலங்கள் அவ்வாறு இணைந்திருந்தால் கணித மொழியில் அதனைப் பதினொரு பரிமாண அமைப்பு என்பர். மூளை மறைவான வேறொரு உலகில் இருக்கிறது என்பது அதன் பொருளன்று. மூன்று பரிமாண மண்டையோட்டினுள்ளேயே அவ்வளவு நெருக்கமான உறவுகள் அமைந்துள்ளன என்பதே பொருள். இக்காலத்துச் செயற்கை நுண்ணறிவு இயந்திரங்களிலும் இதனைக் காணலாம். 2020இல் வெளிவந்த ஜிபிரி-3 என்னும் இயந்திரம் ஒவ்வொரு சொல்லையும் 12,288 எண்களால் குறித்தது. கணித மொழியில் அது 12,288 பரிமாணம். அத்தனை பரிமாணம் இருந்தும் பசித்தவனுக்கு ஒரு பிடி சோறு இடவேண்டும் என்ற இரக்கம் அதனால் மட்டும் பிறந்துவிடாது.

அடிமுடி தேடிய கதை

பரிமாணம் கூடிய உயிரொன்று எதிரில் வந்தால் அதனைக் கடவுள் என்று வணங்கலாமா? சிவாலயங்களில் கருவறையின் பின்புறச் சுவரில் எழுந்தருளியிருக்கும் லிங்கோத்பவ மூர்த்தியின் வரலாறு இதற்கு விடை தரும். சோதிப் பிழம்பாய் நின்ற பெருமானின் அடியைக் காணத் திருமால் பன்றியாய் நிலத்தை அகழ்ந்து சென்றார். முடியைக் காணப் பிரமன் அன்னமாய்ப் பறந்து சென்றார். இருவருமே காணவில்லை. மனிதருக்கு எட்டாத வலிமையும் அறிவும் உடைய அவ்விருவருக்கும் அப்பொருள் எட்டவில்லை. ஆதலால் அறிவு மிகுந்தது என்பதனால் மட்டும் எதுவும் கடவுளாகிவிடாது. வெளி எத்தனை பரிமாணம் உடையதாயினும் அதனுள் அடங்குவது படைக்கப்பட்ட பொருளே. ஆகாயத் தலமாகிய சிதம்பரத்தில், திரையை விலக்கியதும் பொன் வில்வமாலை மட்டும் தொங்க உருவின்றிக் காட்டப்படும் வெளி, இதனையே சொல்லாமற் சொல்கின்றது.

அவ்வரலாற்றில் மற்றொரு நீதியும் உண்டு. திருமால் காணவில்லை என்பதை ஒப்புக்கொண்டார். பிரமன் தாழம்பூவைச் சாட்சியாக்கி முடியைக் கண்டதாகப் பொய் சொன்னார். இருவருக்கும் எல்லை ஒன்றுதான். சாபம் பெற்றவர் பிரமனும் தாழம்பூவுமே. அறிவுக்கு எல்லை இருப்பது குற்றமாகாது. எல்லையை மறைத்துப் பொய்யுரைப்பதே குற்றம்.

அறிவை அளக்கும் கோல்

தட்டை உலகத்து உயிர் எலுமிச்சம்பழத்தை முழுதாகக் காணாதது அதன் மடமை அன்று. அதன் உலகம் அவ்வளவே காட்டுகின்றது. மனிதரும் தமக்குக் காட்டப்பட்ட அளவிலேயே காண்கின்றனர். இதனை உணர்ந்தவர் பிறரை அறிவிலி என்று சொல்ல வாய் கூசுவர். மலையகத் தமிழரைத் தோட்டக்காட்டான் என்று இகழ்ந்த காலம் ஒன்றிருந்தது. அச்சொல் இன்றும் முற்றாக மறையவில்லை. மூடுபனியில் செங்குத்தான மலையில் நின்று, கண் பாராமலே விரலால் இரண்டு இலையும் ஒரு மொட்டும் தெரிந்து கிள்ளும் பெண்ணின் அறிவு எந்தப் பரீட்சையிலும் அளக்கப்படுவதில்லை. தலைப்பாகைக் கதையை மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி மகிழ்வதற்குக் காரணமும் அதுவே. அக்கதையில் படித்தவர் ஒருவர் கங்காணியைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறார்.

அறிவு இணைப்பில் தங்கியுள்ளது என்றால், இணைப்பு அறுந்தால் நேரும் கேட்டையும் ஹல்துமுல்லைப் பிரதேசம் அறியும். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியது. அந்நிலம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்னரே எச்சரித்திருந்தது. மண்ணின் ஆழத்தில் நிகழ்வதை அறியும் அறிவு நாட்டில் இருந்தது. எச்சரிக்கை தாளிலும் இருந்தது. ஆயினும் அன்று காலையில் மக்கள் அந்த மலையடியிலேயே இருந்தனர். ஓரிடத்தில் உள்ள அறிவு, உயிர் காக்கும் பாதுகாப்பான ஒரு வீடாக மறுஇடத்தைச் சென்றடையவில்லை. ஒன்பதாவது பாதை போடப்படவில்லை. தாளில் வரையும் ஒன்பதாவது பாதைக்குக் கணிதம் தடை. இந்தப் பாதைக்கு அத்தகைய தடை எதுவும் இருக்கவில்லை.

பிற உயிரின் துன்பத்தைத் தன் துன்பமாகக் கருதிக் காவாவிடில் அறிவினால் ஆகும் பயன் என்ன என்று வள்ளுவர் இன்னா செய்யாமை அதிகாரத்தில் வினவுகிறார். அறிவை அளக்கும் கோல் அதுவே. இரு பரிமாண உலகில் பொறுமையாகச் சிந்திக்கும் உயிராயினும், பூட்டிய உண்டியலுள் பார்க்கும் நாற்பரிமாண உயிராயினும், 8,600 கோடி நரம்புக்கலங்களோடு தேயிலை மலையில் வாழும் மனிதராயினும் அந்த ஒரு கோல் எல்லோருக்கும் பொது.

ஆன்மா எதனைச் சார்கின்றதோ அதன் வண்ணமாகும் என்பது சித்தாந்தம். கோயிலுக்கு வரும் அடியார், மழை கனக்கும் மாதங்களில் மேட்டு லயனில் உள்ளவரை ஒருமுறை விசாரித்தாலும், கேட்ட எச்சரிக்கையை ஓடிச்சென்று சொன்னாலும், பாடம் விளங்காத பிள்ளையைப் பக்கத்தில் இருத்திச் சொல்லிக் கொடுத்தாலும், அறுந்த இணைப்பொன்று அங்கு பொருந்துகின்றது. புவனம் எதுவாயினும், பரிமாணம் எத்தனையாயினும், அன்பினால் ஓர் உயிர் மற்றோர் உயிரோடு இணையும் அறிவை எல்லாம் வல்ல இறைவன் யாவர்க்கும் அருள்வாராக.

மேன்மைகொள் சிந்தை எங்கும் தழைக்கட்டும்.

சுபம்.